கைக்கு ஏற்ற தடி!

முப்பது அங்குலம்! நம் வீட்டு வாசற்படியின் அகலம்கூட இராது. அந்தத் தூரத்திலிருந்து ஒரு சின்னப் பந்தைக் குழிக்குள் உருட்ட முடியாமல் ஒரு மகா வீரர் அமெரிக்க நாட்டின் பெரிய பட்டத்தையே கோட்டை விட்டார் என்றால் நம்புவீர்களா?

அவர் பெயர் சாம் ஸ்னீட். 1947-ம் ஆண்டு செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த அமெரிக்க ஓப்பன் கோல்ப் போட்டியில் அவரும் லூ வொர்ஷாமும் சமமாக நின்றார்கள். மறுநாள் மீண்டும் ஆட்டம். கடைசிக் குழி வரையில் அதிலும் சமம்! ஸ்னீட் பந்தை உருட்டத் தயாராக நின்ற சமயம், யாருடைய பந்து அதிக தூரத்தில் இருக்கிறது என்று அளந்து பார்க்கச் சொன்னார் வொர்ஷாம். அளந்தார்கள். ஸ்னீடின் பந்துதான் ஓர் அங்குலம் தள்ளி இருந்தது. ஆகவே அவரே முதலில் ஆடினார், தவற விட்டார். வொர்ஷாம் போட்டுவிட்டார். பி.ஜி.ஏ. டூரில் மட்டும் 82 போட்டிகளை வென்ற ஸ்னீடுக்கு அந்த ஒரு பட்டம் மட்டும் கடைசி வரையில் கிட்டவேயில்லை.

கோல்ப் பந்தை நூற்றுக்கணக்கான கஜம் பறக்க அடிப்பது ஒரு வித்தை. குழியைச் சுற்றி மழித்தாற்போல் வெட்டிய புல்தரைக்கு வந்தபின் அதை மெள்ள உருட்டி விடுவது வேறு வித்தை. குழியின் வாய் நாலேகால் அங்குலந்தான். 72 அடிகளில் முடிக்க வேண்டிய மைதானத்தில் சரிபாதி, அதாவது 36 அடிகள், இந்த உருட்டலுக்கென்றே கணக்கு. இதற்குரிய தடிக்குப் 'பட்டர்' என்று பெயர். (வெண்ணெய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை!)

பறக்க அடிப்பதைச் சொல்லிக் கொடுத்துவிடலாம். உருட்டுவதோ அவரவர் கைவாகு. தெருவில் கோலி ஆடும் பையன்களைப் பாருங்கள். இரண்டு பேர் ஒரே மாதிரியாகவா தெறிக்கிறார்கள்? ஜப்பானியரான இசாவோ ஆவோகி, பட்டரின் மூக்கு மேலே தூக்கி நிற்க, குதிப்பக்கம் மட்டும் தரையில் படும்படி பிடிப்பார். பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் 1980-ம் வருஷ அமெரிக்க ஓப்பனில் ஜாக் நிக்லஸுக்கு ஈடுகொடுத்து ஆடி, இரண்டாவதாக வந்தவர் அவர்தான்.

தடியும் கைக்கு ஏற்றபடி அமைய வேண்டும். பட்டரின் தண்டை ஒரு விரல்மேல் குறுக்காக வைத்து நிறுத்திப் பாருங்கள். சிலவற்றின் முகம் வானத்தைப் பார்க்கும். சிலவற்றின் மூக்கு தரையை நோக்கித் தொங்கும். நேராகப் பின்னுக்கு இழுத்து நேராக முன்னுக்குத் தள்ளுகிறவருக்கு முதல் ரகம். கதவு திறந்து மூடுவதுபோல் வளைவாக வீசுகிறவருக்கு இரண்டாவது. பொதுவாகச் சொல்லும் கணக்கு இது. தம் கை எந்த ரகம் என்று பார்க்காமல், போன வாரம் ஜெயித்தவர் கையில் இருந்ததையே வாங்கி வருகிறவர்கள்தான் அதிகம். மாப்பிள்ளைக்கு அளவெடுக்காமல் சட்டை தைப்பது போலத்தான்!

ஸ்னீட் கதைக்கு வருவோம். வயது ஏற ஏற அவரை 'யிப்ஸ்' பிடித்துக்கொண்டது. நரம்பும் மனமும் சேர்ந்து செய்கிற வம்பு அது. முந்நூறு கஜம் அடிக்கும்போது கல்லாக நிற்கும் கை, இரண்டடி தூரத்தில் வெடுக்கென்று துள்ளும். ஜெர்மானியர் பெர்ன்ஹார்ட் லாங்கரையும் இது பலமுறை படுத்திற்று. அவர் தடியை இடது முன்கையோடு சேர்த்து, வலது கையால் இரண்டையும் இறுகப் பற்றிக்கொண்டே 1993-ல் மாஸ்டர்ஸ் பட்டத்தை இரண்டாம் தடவையாக வென்றார்.

ஸ்னீடோ வேறு வழி கண்டார். 1966-ல், 54-வது வயதில், பி.ஜி.ஏ. போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே அதுநாள் வரை பழகியதையெல்லாம் உதறினார். கால்களை அகட்டிப் பந்தை நடுவே விட்டுக்கொண்டு, குரோக்கே ஆடுகிறவரைப்போல் குழியை நேருக்கு நேர் பார்த்து நின்றார். இரண்டு கண்களும் பாதையைக் கண்டன. வலது கை ஊஞ்சல்போல் முன்னே போயிற்று. வம்பும் அடங்கிற்று!

சும்மா விடுவார்களா? பந்தின் பாதைக்கு இருபுறமும் கால் வைத்து நின்று உருட்டக் கூடாது என்று 1968 ஜனவரி முதல் சட்டம் வந்துவிட்டது. விளையாட்டின் லட்சணம் கெடுகிறதாம்! கை நடுங்குகிறவன் காலை எங்கே வைத்தால் யாருக்கு என்ன நஷ்டமோ, நமக்கு விளங்கவில்லை.

ஸ்னீட் ஒரே ஒரு மாறுதல் செய்தார். இரண்டு பாதங்களையும் பாதைக்கு ஒருபுறமாகச் சேர்த்து வைத்துக்கொண்டு, பந்தை வலது காலுக்கு வெளியே விட்டார். முகம் மட்டும் முன்போலவே குழியைப் பார்த்தது. கையும் முன்போலவே ஊஞ்சலாடியது. 1974-ம் ஆண்டு பி.ஜி.ஏ. போட்டியில், தம் 62-வது வயதில், மூன்றாம் இடத்தைப் பங்கிட்டுக்கொண்டார். அவருக்கு முன்னால் நின்றவர்கள் லீ ட்ரெவினோவும் ஜாக் நிக்லஸும். இருவருக்கும் அவருடைய பிள்ளைகளின் வயதுதான் இருக்கும்.