பெட்டிக்கு விலையா, கடிகாரத்துக்கு விலையா?

1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கைகோத்துப் பெங்களூரில் கைக்கடிகாரம் தயாரிக்கத் தொடங்கியது எச்.எம்.டி. அந்தக் கடிகார நிறுவனத்தை மூட 2016-இல் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. சாவி கொடுத்து ஓடும் அதன் 'ஜனதா' கடிகாரத்தை இன்றும் பலர் தேடி வாங்குகிறார்கள். அசல் பெட்டி இருந்தால் விற்பவர் விலையைக் கூட்டுவார். ஆனால் கூடுதல் பணம் கடிகாரத்தின் நிலைக்குப் போவதே நியாயம். பெட்டியைத் தனியே வாங்கி, எந்தக் கடிகாரத்தையும் அதில் வைத்துவிடலாம். தொழிற்சாலையில் அச்சான டயலை அழித்துப் புதுச் சாயம் பூசிவிட்டாலோ பழையது திரும்பாது. பாலிஷ் போட்டுப் போட்டு மழுங்கிய கேஸின் விளிம்பும் அப்படித்தான்.

பெட்டியும் சீட்டும் அசலுக்குச் சாட்சி அல்லவா என்று கேட்கலாம். ரோலெக்ஸ் போல, உத்தரவாதச் சீட்டில் வரிசை எண் இருந்து, அது கடிகாரத்தில் உள்ள எண்ணோடு பொருந்தினால் நிச்சயம் நல்ல சாட்சி. அதற்கு விலை தரலாம். எண் இல்லாத வெறும் பெட்டி எதையும் நிரூபிக்காது. பெட்டியிலேயே இருந்ததால் புதிதுபோல ஓடும் என்பதற்கும் உறுதியில்லை. கட்டாமல் வைத்திருந்தாலும் உள்ளே இட்ட எண்ணெய் காலப்போக்கில் உலரும், கெட்டியாகும். ஆகவே முதலில் டயலின் எழுத்துகள் கூர்மையாக உள்ளனவா என்று பாருங்கள். பின்மூடியைத் திறந்து துருவும் ஈரமும் இல்லையென்று உறுதி செய்யுங்கள். பெட்டியைப் பற்றிய பேரம் அதற்குப் பிறகுதான்.