ஒலி ஒன்று, எழுத்து வேறு: ஆங்கிலச் சொற்களில் பிள்ளைகள் தடுமாறுவது ஏன்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. தொடக்கநிலை ஒன்றில் படிக்கும் என் அக்கா மகனுக்கு மறுநாள் ஆங்கில ‘ஸ்பெல்லிங்’. அக்கா சமையலறையில் வேலை பார்த்துக்கொண்டே ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். ‘சன்’ என்றார். பையனும் எழுதினான். பிறகு தாளைத் திருத்தியபோது, சூரியன் இருக்கவேண்டிய இடத்தில் ‘மகன்’ என்று பொருள்படும் ‘சன்’ இருந்தது. “கவனமே இல்லை” என்று அக்கா கடிந்துகொண்டார். பையனுக்குக் கண் கலங்கிவிட்டது. “அம்மா சன்னுன்னுதானே சொன்னாங்க, சித்தி” என்றான் என்னிடம்.

அவன் சொன்னது சரிதான். ஆங்கிலப் பேராசிரியரிடம் அந்த ஒற்றைச் சொல்லை மட்டும் சொல்லி எழுதச் சொன்னாலும், அவர் எந்தச் ‘சன்’னை எழுதுவார் என்று கூற முடியாது. காதில் விழுந்ததை அவன் பிழையின்றி எழுதியிருந்தான். அம்மா மனத்தில் நினைத்தது எது என்பதுதான் அவனுக்குத் தெரியவில்லை.

2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்தும் அதற்கு மேலும் வயதுள்ள சிங்கப்பூர்வாசிகளில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் ஆங்கிலத்தையே அதிகம் பேசுகின்றனர். 2010ல் இது 32.3 விழுக்காடாக இருந்தது. “என் பிள்ளை ஆங்கிலம் சரளமாகப் பேசுகிறான், எழுதும்போது மட்டும் ஏன் இப்படி?” என்று பெற்றோர் பலர் கேட்பதற்குக் காரணம் இதுதான். பேசும்போது இந்தச் சொற்கள் யாரையும் குழப்புவதில்லை. “சன் சுடுகிறது” என்றால் அது சூரியன் என்று யாருக்கும் புரியும். பென்சிலைக் கையில் எடுக்கும்வரை, இரண்டு ‘சன்’ இருப்பதைக் கவனிக்கவேண்டிய தேவையே பிள்ளைக்கு வருவதில்லை.

இப்படி ஒரே ஒலியும் வெவ்வேறு எழுத்தும் ஏன் வந்தன? பார்ப்பதைக் குறிக்கும் ‘சீ’, கடலைக் குறிக்கும் ‘சீ’ ஆகிய இரண்டும் ஒருகாலத்தில் வெவ்வேறாக ஒலித்தவை. போர்வீரனைக் குறிக்கும் ‘நைட்’ என்ற சொல்லின் முதலில் நிற்கும் ‘கே’ எழுத்தையும் அன்று உச்சரித்தார்கள். வில்லியம் கேக்ஸ்டன் 1476ல் வெஸ்ட்மின்ஸ்டரில் இங்கிலாந்தின் முதல் அச்சகத்தை அமைத்தார். அச்சு பரவப் பரவ எழுத்துகள் உறையத் தொடங்கின. மக்களின் உச்சரிப்போ தொடர்ந்து மாறிக்கொண்டே போனது. மாவு, மலர் ஆகிய இரண்டையும் குறிக்கும் ‘ஃபிளவர்’ இன்னும் வேடிக்கையானது. இரண்டும் மூலத்தில் ஒரே சொல். அரைத்த தானியத்தின் மிகச் சிறந்த பகுதியை அதன் ‘மலர்’ என்று அழைத்தார்கள். பின்னர்தான் எழுத்து இரண்டாகப் பிரிந்தது.

ஆறு வயதுப் பிள்ளைக்கு இந்த வரலாறு வேண்டியதில்லை. பெற்றோருக்கு இது தெரிந்தால் கோபம் கொஞ்சம் குறையும்.

ஆனால், பிள்ளை குழப்பிக்கொள்ளும் சொற்கள் எல்லாம் உண்மையிலேயே ஒரே ஒலி கொண்டவையா என்பதை முதலில் பார்க்கவேண்டும். “நான் ட்ரீ பறவைகளைப் பார்த்தேன்” என்று ஒரு பிள்ளை எழுதினால், மூன்றும் மரமும் அங்கே கலந்துவிட்டன. ஆங்கிலத்தில் அவை ஒரே ஒலி கொண்டவை அல்ல. நாம்தான் கடையிலும் பேருந்திலும் இரண்டையும் ‘ட்ரீ’ என்கிறோம். கப்பலைக் குறிக்கும் ‘ஷிப்’, செம்மறியாட்டைக் குறிக்கும் ‘ஷீப்’ ஆகியவையும் நம் பேச்சில் அடிக்கடி ஒன்றாகிவிடுகின்றன. இவற்றுக்கு எழுத்துப் பயிற்சி தந்து பயனில்லை. முதலில் வாயும் காதும் பழகவேண்டும். ‘த்ரீ’ சொல்லும்போது நாக்கின் நுனி பற்களுக்கு இடையில் எட்டிப் பார்க்கவேண்டும். கண்ணாடி முன் நின்று செய்தால் பிள்ளைகளுக்கு அது விளையாட்டு.

தமிழ் தெரிந்த வீடுகளுக்கு இங்கே ஓர் அனுகூலம் உண்டு. நம் பிள்ளைகளுக்குக் குறிலும் நெடிலும் தெரியும். கல்லும் காலும், விடுவும் வீடும், பல்லும் பாலும் வேறு என்பதை அவர்கள் காதாலேயே அறிவார்கள். ‘ஷிப்’ குறில், ‘ஷீப்’ நெடில் என்று சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். ‘ஃபில்’, ‘ஃபீல்’, ‘லிவ்’, ‘லீவ்’ எல்லாம் அப்படியே. ஆங்கிலத்தில் நீளம் மட்டுமின்றி நாக்கின் நிலையும் மாறும் என்றாலும், தொடங்குவதற்கு இது நல்ல பிடிமானம். எல்லா இடத்திலும் தமிழ் கைகொடுக்காது என்பதும் உண்மை. கால்நடை மருத்துவரையும் ஈரத்தையும் தமிழில் ‘வெட்’ என்றே எழுதுவோம். அதற்கு உதட்டைப் பார்த்துத்தான் கற்கவேண்டும். மருத்துவருக்கு மேற்பற்கள் கீழுதட்டைத் தொடும். ஈரத்துக்கு உதடு குவியும்.

இப்போது உண்மையிலேயே ஒரே ஒலியுடைய சொற்களுக்கு வருவோம். வீட்டில் நாம் வழக்கமாகச் செய்வது, இரண்டு சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டி, “இது இது, அது அது, பத்துத் தடவை எழுது” என்பதுதான். என் கருத்தில் குழப்பம் தொடங்குவதே அங்கேதான். புதிதாக வகுப்புக்கு வரும் இரட்டையரை ஒரே நாளில் சந்தித்தால் யார் யாரென்று தெரியாது. ஒருவரோடு ஒரு மாதம் பழகிவிட்டு மற்றவரைச் சந்தித்தால், ஒருவரையாவது உறுதியாகத் தெரிந்திருக்கும். அதுபோலவே, பார்ப்பதற்கான ‘சீ’ கையில் நன்றாகப் படிந்த பிறகு, சில வாரங்கள் கழித்து, ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைக்குப் போய்வந்த நாளில் கடலுக்கான ‘சீ’யை எழுதிக் காட்டலாம். பள்ளிப் பட்டியலில் இரண்டும் ஒரே வாரத்தில் வந்துவிட்டால், திங்கட்கிழமை ஒன்று, வியாழக்கிழமை மற்றொன்று என்று பிரித்துக்கொள்ளலாம்.

சொல்லைத் தனியாகச் சொல்லாமல் வாக்கியத்தோடு சொல்வது அதைவிட முக்கியம். ‘சன்’ என்று மட்டும் சொல்லாமல், சூரியன் உதிக்கும் ஒரு வாக்கியத்தைச் சொல்லி, பிறகு அந்தச் சொல்லைச் சொல்லுங்கள். எழுதுமுன் “எந்தச் சன்?” என்று பிள்ளையிடம் கேளுங்கள். என் அக்கா இப்போது அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து சொல்கிறார்.

சொற்களுக்கும் குடும்பம் உண்டு. இரண்டு என்னும் ‘டூ’வில் காதில் விழாத ஒரு ‘டபிள்யூ’ எதற்கு என்று பிள்ளை கேட்டால், அதன் உறவினர்களைக் காட்டலாம்: ‘ட்வைஸ்’, ‘ட்வெல்வ்’, ‘ட்வென்டி’, ‘ட்வின்’. அவற்றில் அந்த எழுத்து நன்றாகக் கேட்கிறது. கேட்பதைக் குறிக்கும் ‘ஹியர்’ சொல்லுக்குள் காதைக் குறிக்கும் ‘இயர்’ ஒளிந்திருக்கிறது. இங்கே என்னும் ‘ஹியர்’ சொல்லை எழுதிவிட்டு, எங்கே, அங்கே ஆகியவற்றின் ஆங்கிலச் சொற்களையும் அதன் கீழே எழுதிப் பாருங்கள். மூன்றிலும் எச், இ, ஆர், இ ஆகிய நான்கு எழுத்துகள் வரிசையாக வரும். தமிழில் இங்கே, எங்கே, அங்கே மூன்றிலும் ‘ங்கே’ வருவதுபோலத்தான். இதைக் காட்டிய பிறகு, ‘அவர்களுடைய’ என்னும் ‘தேர்’ என் அக்கா மகனிடம் அவ்வளவாகக் கலப்பதில்லை.

ஒரே ஒலிக்கு இரண்டு பொருள் இருக்கலாம் என்பதே சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு வியப்பான செய்தி. பாலர் பள்ளி வயதில் அதைத் தமிழிலேயே தொடங்கலாம். ஆறு என்பது எண், அதுவே நதி. மாலை என்பது பொழுது, அதுவே பூமாலை. எழுத்துக் குழப்பமும் நமக்குப் புதிதல்ல. ‘நான் பல்லிக்குப் போகிறேன்’ என்று எழுதிப் பாட்டியை ஒரு வாரம் சிரிக்கவைத்தவள் நான்.

சிரிப்பு இதற்கு நல்ல மருந்து. அமெரிக்க நடிகர் ஃபிரெட் குவின் 1970ல் வெளியிட்ட ‘த கிங் ஹூ ரெய்ன்ட்’ என்ற படப்புத்தகத்தில், ஆட்சி செய்த அரசரை மழையாகப் பொழியும் அரசராக ஒரு சிறுமி கற்பனை செய்துகொள்கிறாள். இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒலி ஒன்று. பிள்ளை தன் பிழைக்கும் இப்படி ஒரு படம் வரையட்டும். மாவுக்குப் பதில் பூவைப் போட்டுச் செய்த கேக் அவனுக்கு மறக்காது. 2019 முதல் தொடக்கநிலை 1, 2 மாணவர்களுக்கு மதிப்பெண் கணக்கிடப்படும் தேர்வுகள் இல்லை. படம் வரைய நேரம் இருக்கிறது.

ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். தெளிவாக வேறுபட்டு ஒலிக்கும் சொற்களையும் பிள்ளை தொடர்ந்து மாற்றிக் கேட்டால், அடிக்கடி “என்ன?” என்று கேட்டால், தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டிக்கொண்டே போனால், பலதுறை மருந்தகத்தில் காதைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். சிறு வயதில் சளியோடு நடுச்செவியில் நீர் தேங்குவது பரவலாக ஏற்படுவதுதான்.

போன வாரம் அக்கா மகனைத் தேக்காவுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். துணிக்கடை வாசலில் பெரிய எழுத்தில் ‘சேல்’ என்று தொங்கியது. “சித்தி, இங்க பாய்மரம் விக்கிறாங்களா?” என்றான். நான் பதில் சொல்வதற்குள் எழுத்துகளை மறுபடி பார்த்தான். “இல்ல இல்ல, கப்பலோட சேல்ல ‘ஐ’ வரும். இது மலிவு விற்பனை” என்று சொல்லிவிட்டு, எனக்கு முன்னால் கடைக்குள் போய்விட்டான்.