கடலில் கைபேசி ஏன் பேசுவதில்லை?

இரண்டு பயணிகளை மனத்தில் நிறுத்திக் கொள்ளுங்கள்.

ஒருவர் நாகர்கோவிலிலிருந்து கரீபியன் தீவு ஒன்றுக்குச் சுற்றுலா போகிறார். விமானம் மாறி மாறிப் பயணம் செய்து, 14,000 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள பார்படோஸில் இறங்குகிறார். கைபேசியைத் திறந்து இரண்டு பொத்தான்களை அழுத்துகிறார். அடுத்த நிமிடம், ‘சுகமாக வந்து சேர்ந்தேன்’ என்று ஊரில் இருக்கும் அம்மாவிடம் முகம் பார்த்துப் பேசுகிறார்.

இன்னொருவர் மீனவர். தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்திலிருந்து விசைப்படகில் புறப்படுகிறார். மூன்று மணி நேரம் ஆகிறது. அவருடைய கைபேசியில் மின்னேற்றம் இருக்கிறது, சிம் இருக்கிறது, கட்டணமும் செலுத்தியாகிவிட்டது. ஆனால் திரையில் ‘சிக்னல் இல்லை’ என்று வருகிறது. வீடு இருப்பதோ வெறும் 45 கிலோமீட்டருக்குப் பின்னால்!

உலகின் மறுபக்கத்தில் இருப்பவர் பேசுகிறார். கூப்பிடு தூரம் போல் தோன்றும் இடத்தில் இருப்பவரால் பேச முடியவில்லை. ஏன்? இந்தக் கேள்விக்கு விடை தேடுவோமா? குமரி மாவட்டத்தில் இது வெறும் புதிர்க் கேள்வி அல்ல. உயிரோடு தொடர்புடைய கேள்வி.

சிம் என்பது அடையாளச் சீட்டு

சிம் அட்டைதான் சிக்னலைக் கொண்டு வருகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அது சரியன்று. சிம் என்பது ஓர் அடையாளச் சீட்டு மட்டுமே. நூலகத்துக்குள் நுழையும்போது உறுப்பினர் அட்டையைக் காட்டுகிறோம் அல்லவா? அதைப் போன்றது.

சிம்முக்குள் பெரும்பாலும் 15 இலக்கங்கள் கொண்ட ஓர் எண் இருக்கிறது. நீங்கள் நண்பர்களுக்குக் கொடுக்கும் தொலைபேசி எண் அல்ல இது; வேறு எண். இதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிக்கும். 404 அல்லது 405 என்று தொடங்கினால் இந்தியா. இத்துடன் ஓர் இரகசிய எண்ணும் உள்ளே பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. கோபுரம் ஒரு புதிய எண்ணை அனுப்பி, ‘இதற்கு விடை சொல்’ என்று கேட்கும். சிம் அந்த எண்ணைத் தன் இரகசிய எண்ணோடு கலந்து கணக்கிட்டு விடையை அனுப்பும். விடை சரியானால் கதவு திறக்கும். இரகசிய எண் ஒருபோதும் காற்றில் வெளியே போவதில்லை. எவ்வளவு தந்திரமான ஏற்பாடு, பார்த்தீர்களா?

1991-இல் முதல் சிம் வந்தபோது அது வங்கி அட்டை அளவுக்குப் பெரிதாக இருந்தது. பிறகு சிறுத்துச் சிறுத்து விரல் நகம் அளவாயிற்று. இப்போது வந்திருக்கும் இ-சிம்மில் தனி அட்டையே கிடையாது. சில மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு சில்லு, கைபேசிக்குள்ளேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அடையாளச் சீட்டு மட்டும் இணையம் வழியாக வந்து அதில் எழுதப்படும். சிலேட்டில் ஒன்றை எழுதலாம், அழிக்கலாம், மறுபடி எழுதலாம் அல்லவா? இ-சிம்மும் அப்படித்தான்.

களியக்காவிளையிலும் கரீபியனிலும்

களியக்காவிளையைத் தாண்டிப் பாறசாலைக்குப் போயிருக்கிறீர்களா? பேருந்து எல்லையைக் கடந்ததும் கைபேசி சத்தமில்லாமல் ஒரு வேலை செய்கிறது. தமிழ்நாட்டு வட்டத்தின் கோபுரத்தை விட்டுவிட்டுக் கேரள வட்டத்தின் கோபுரத்தைப் பிடிக்கிறது. கேரளக் கோபுரம், ‘இவர் உங்கள் ஆள்தானா?’ என்று தமிழ்நாட்டுக் கணினியைக் கேட்கிறது. ‘ஆம், நம்பலாம்’ என்று பதில் வருகிறது. இதற்குத்தான் ரோமிங் என்று பெயர்.

கரீபியன் தீவுகளில் இந்தச் சிக்கல் பல மடங்கு பெரிது. ஜமைக்கா ஒரு நாடு. பார்படோஸ் இன்னொரு நாடு. டொமினிக்காவுக்கும் செயின்ட் லூசியாவுக்கும் நடுவே இருக்கும் மார்ட்டினிக் தீவோ பிரான்சின் ஒரு பகுதி! வரைபடத்தில் அருகருகே இருக்கின்றன. கைபேசிக்கோ தீவுக்குத் தீவு வேறு வீடு. பயண இ-சிம் விற்கும் நிறுவனங்கள் ஒவ்வொரு தீவின் தொலைபேசி நிறுவனத்தோடும் முன்கூட்டியே ஒப்பந்தம் செய்து கொள்கின்றன. அதனால்தான் நம் சுற்றுலாப் பயணி இரண்டு பொத்தான்களில் பேசிவிட்டார்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கதவு திறக்க வேண்டுமானால் அங்கே ஒரு கதவு இருக்க வேண்டும். தீவில் கோபுரம் இருக்க வேண்டும்; அந்தக் கோபுரத்தை உலகத்தோடு இணைக்கக் கடலடியில் கம்பிவடமோ, வானத்தில் செயற்கைக்கோளோ இருக்க வேண்டும். நம் அருகிலுள்ள இலட்சத்தீவுகளையே பாருங்கள். வெளியுலகத் தொடர்புக்கு நெடுங்காலம் செயற்கைக்கோளையே நம்பியிருந்த அத்தீவுகளில் இணையம் ஆமை வேகத்தில்தான் நகர்ந்தது. கொச்சியிலிருந்து 11 தீவுகளுக்குக் கடலடி ஒளியிழை வடம் போடப்பட்டு, 2024 ஜனவரி 3 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. சிம் மாறவில்லை, பாதை மாறியது. வேகம் கூடியது.

கோபுரத்தின் கண் எட்டும் தூரம்

கைபேசி அலைகள் பெரும்பாலும் ஒளியைப் போல நேர்கோட்டில் செல்பவை. பூமியோ உருண்டை. அதனால் ஓரளவு தூரத்துக்கு அப்பால் கடலின் முதுகு குறுக்கே வந்து மறைத்துவிடும்.

எவ்வளவு தூரம்? இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. கோபுரத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1 ஆல் பெருக்குங்கள். கிடைப்பது கிலோமீட்டரில் தூரம். காற்று அலைகளைச் சற்றே வளைத்துவிடுவதால், நம் கண் பார்க்கும் தூரத்தைவிட இது கொஞ்சம் அதிகம்.

கன்னியாகுமரியில் திருவள்ளுவர் சிலையின் உயரம் 133 அடி. அதாவது சுமார் 40 மீட்டர். அந்த உயரத்தில் ஓர் அலைபரப்பி கடலோரத்தில் நிற்பதாக வைத்துக் கொள்வோம். 40-இன் வர்க்கமூலம் சுமார் 6.3. நாலே சொச்சத்தால் பெருக்கினால் 26 கிலோமீட்டர். படகில் 4 மீட்டர் உயரத்தில் ஒருவர் கைபேசியைத் தூக்கிப் பிடித்தால் அவர் பங்குக்கு 8 கிலோமீட்டர். ஆக மொத்தம் 34 கிலோமீட்டர். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகும் படகு இந்த எல்லையை இரண்டே கால் மணி நேரத்தில் தாண்டிவிடும்!

இதுவும் ஏட்டுக் கணக்குத்தான். கோபுரங்கள் ஊரைப் பார்த்து அமைக்கப்படுகின்றன, கடலைப் பார்த்து அல்ல. 4ஜி கைபேசி அதிகபட்சமாக அலைபரப்பும் ஆற்றல் 0.2 வாட், ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கின் ஆற்றலைவிடக் குறைவு. எனவே உண்மையில் பல இடங்களில் இதைவிட முன்னதாகவே தொடர்பு அறுந்துவிடும்.

2017 நவம்பர் 30

நம் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை என்று வரிசையாக மீனவ ஊர்கள் இருக்கின்றன. ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கிச் சுறாவும் சூரையும் பிடிப்பதில் பெயர் பெற்றவர்கள் இவ்வூர்க்காரர்கள். இலட்சத்தீவுக் கடல்வரையும் அதற்கு அப்பாலும் அவர்கள் படகுகள் போகும்.

2017 நவம்பர் இறுதியில் இலங்கைக்குத் தெற்கே உருவான காற்றழுத்தத் தாழ்வு விரைந்து வலுத்து, நவம்பர் 30 காலையில் குமரிமுனைக்கு அருகே ஒக்கிப் புயலாக மாறியது. கரையில் எச்சரிக்கை ஒலித்தது. ஆனால் பல படகுகள் அதற்குப் பல நாட்கள் முன்பே கடலுக்குப் போய்விட்டன. அவற்றில் இருந்தவர்களிடம் கைபேசி இருந்தது, சிம் இருந்தது, கோபுரம்தான் எட்டவில்லை.

படகுகளில் வயர்லெஸ் கருவி இருக்குமே என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. மீனவர்கள் பயன்படுத்தும் மிக உயர் அதிர்வெண் வயர்லெஸ்ஸும் நேர்கோட்டில்தான் செல்லும். 4 மீட்டர் உயர ஏரியல் கொண்ட இரண்டு படகுகள் ஒன்றோடொன்று பேச, முன்பு பார்த்த கணக்குப்படி, 8-ம் 8-ம் சேர்ந்து 16 கிலோமீட்டர்தான். ஒரு படகு கேட்டதை அடுத்த படகுக்குச் சொல்லி, அது அதற்கடுத்த படகுக்குச் சொல்லிச் செய்தி போக வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப் போனாலும் செய்தி அங்கேயே நின்றுவிடும்.

அந்தப் புயலில் தமிழ்நாட்டையும் கேரளத்தையும் சேர்ந்த நூற்றுக்கணக்கான மீனவர்கள் திரும்பி வரவில்லை. கரையில் காத்திருந்த குடும்பங்களுக்கு, அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதைக்கூட அறிய வழியில்லாமல் போயிற்று.

கேட்பது எளிது, பேசுவது கடினம்

கோபுரத்தை எவ்வளவு உயரம்தான் கட்ட முடியும்? 100 மீட்டர் கட்டினாலும் 41 கிலோமீட்டர்தான். ஆனால் கோபுரத்தை வானத்தில் கொண்டுபோய் நிறுத்தினால்? அதுதான் செயற்கைக்கோள். நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமியின் சுழற்சியோடு சேர்ந்து சுற்றும் செயற்கைக்கோளின் பார்வையிலிருந்து நம் படகுகள் ஒருபோதும் மறைவதில்லை.

பிறகென்ன சிக்கல்? தொலைவுதான். அலையின் வலிமை தொலைவின் வர்க்கத்துக்கேற்பக் குறையும். 20 கிலோமீட்டர் தள்ளி உள்ள கோபுரத்தைவிட 36,000 கிலோமீட்டர் என்பது 1,800 மடங்கு தூரம். வலிமையோ 1,800 பெருக்கல் 1,800, அதாவது 32 இலட்சத்து 40 ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்! பெரிய சூரியப் பலகைகளுடைய செயற்கைக்கோள் உரக்கப் பேசும், படகு கேட்டுக்கொள்ளும். படகில் உள்ள சிறிய கருவி பதில் பேசுவதுதான் கடினம்.

கைபேசியில் சிக்னல் இல்லாதபோதும் ஜி.பி.எஸ். இடத்தைக் காட்டுகிறதே, ஏன்? அது கேட்கும் கருவி மட்டுமே, எதுவும் பேசுவதில்லை. ஒக்கிக்குப் பின் முதலில் வந்த உதவிகளும் இவ்வகையே. இஸ்ரோவின் நாவிக் செயற்கைக்கோள்கள் வழியாகப் புயல் எச்சரிக்கை அனுப்பும் ஏற்பாடு வந்தது. 2019-இல் ஐதராபாத்தில் உள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையமும் இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து ஜெமினி என்னும் கருவியை வெளியிட்டன. அது ககன் செயற்கைக்கோள் வழியே செய்தியைப் பெற்று மீனவரின் கைபேசிக்குத் தரும். எச்சரிக்கை கடலுக்கு எட்டியது. மீனவரின் குரல் அதன் வழியே கரைக்கு எட்டாது.

குரல் கரைக்கு எட்ட வேறொரு கருவி 2010 முதல் உண்டு. ஆபத்தில் பொத்தானை அழுத்தினால், படகு நிற்கும் இடம் செயற்கைக்கோள் வழியாகக் கட்டுப்பாட்டு மையத்துக்கும், அங்கிருந்து கடலோரக் காவல்படைக்கும் போகும். ஆனால் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று அழுத்தியவருக்குத் தெரியாது. 2024-இல் இஸ்ரோ அறிவித்த இரண்டாம் தலைமுறைக் கருவியில், ‘கிடைத்தது’ என்று பதிலும் வரும். நடுக்கடலில் தத்தளிப்பவருக்கு அந்த ஒரு சொல் எவ்வளவு பெரிய தைரியம்!

2024 ஆகஸ்ட் 30 அன்று, நாடெங்கும் ஒரு இலட்சம் மீன்பிடிப் படகுகளில் இருவழிச் செய்திக் கருவிகளைப் பொருத்தும் திட்டம் தொடங்கப்பட்டது. இதில் பேச முடியாது, குறுஞ்செய்தி அனுப்பலாம். ஏன் பேச்சு இல்லை? பேரிரைச்சலில் நீங்கள் எப்படிப் பேசுவீர்கள்? நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாகச் சொல்வீர்கள் அல்லவா? மெல்லிய அலையும் அப்படித்தான். மெதுவாக, சில எழுத்துகளாக அனுப்பினால் செய்தி தப்பிப் பிழைக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

உங்கள் வீட்டில் யாரேனும் கடலுக்குப் போகிறவராக இருந்தால், இந்தக் கருவி படகில் இருக்கிறதா, வேலை செய்கிறதா, எல்லோருக்கும் இயக்கத் தெரியுமா என்று கேளுங்கள். போகும் திசையையும் திரும்பும் நாளையும் எழுதி வாங்கி வையுங்கள். கடலோரக் காவல்படையின் 1554 என்ற அவசர எண்ணைச் சுவரில் எழுதுங்கள். அது கரையில் இருப்பவருக்கு உதவும். தீவுப் பயணம் போகிறவரிடம், வரைபடத்தை முன்பே கைபேசியில் இறக்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தீவுக்கும் தீவுக்கும் இடையே கப்பலில் போகும்போது எந்த இ-சிம்மும் கோபுரம் ஆகிவிடாது.

ஒரு சோதனையும் செய்து பாருங்கள். வானம் தெளிவான ஒரு மாலையில் பெரியவர் ஒருவருடன் முட்டம் கடற்கரைக்குப் போங்கள். தொலைவிலிருந்து கரைக்குத் திரும்பும் படகுகளைக் கவனியுங்கள். முதலில் தெரிவது கொடிமரமா, படகின் உடலா? பாறைமேல் ஏறி நின்று பார்த்தால் என்ன மாறுகிறது? உங்கள் கண்ணின் உயரத்தை அளந்து, 4.1-க்குப் பதில் 3.6 போட்டுக் கணக்கிடுங்கள். எங்கே கடலின் முதுகு உங்கள் பார்வையை மறைக்கிறது என்று விடை வரும். அந்தக் கோட்டுக்கு அப்பாலும் நம்மவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு எட்டும் கருவிகளை நாளை இன்னும் நன்றாகச் செய்யப்போவது யார்? நீங்கள்தான்!