கெடுவுக்குள் முடியுமா?

ஒரு காரியம் சரியாக முடிந்தால் மட்டும் போதாது, உரிய வேளையில் முடிய வேண்டும் என்பது கோர்ட்டுகளுக்கும் ரயில்களுக்கும் மாத்திரம் உரிய விதியன்று. ஆகாய விமானத்தின் சுக்கானை அசைக்கும் கம்ப்யூட்டர் சரியான விடையையே கெடு கடந்து சொல்லுமாயின், அது தவறான விடைதான். ஆகவே, ஒரு மென்பொருள் ஓடி முடிய எவ்வளவு நேரமாகும், எவ்வளவு மின்சாரம் செலவாகும் என்பதை முன்கூட்டிக் கணக்கிட முயலும் ஆராய்ச்சியை, நிபுணர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் வித்தை என்று நாம் ஒதுக்கிவிடுவதற்கில்லை.

1997-ம் வருஷம் ஜூலை 4-ந் தேதி அமெரிக்கரின் பாத்ஃபைண்டர் கலம் செவ்வாய்க் கிரகத்தில் இறங்கியது. சில தினங்களுக்குள் அதன் கம்ப்யூட்டர் தானாகவே நின்று நின்று மறுபடி துவங்கலாயிற்று. ஒவ்வொரு தடவையும் அன்றைய வேலையின் பாக்கி நடைபெறாமற் போயிற்று. வானிலையை அளக்கும் சில்லறை வேலையொன்று, பொதுச் சாவி ஒன்றைக் கையில் வைத்திருந்தது. நடுத்தர முக்கியத்துவமுள்ள மற்றொரு வேலை குறுக்கே புகுந்து அதை நகரவொட்டாமல் செய்தது. தலையாய வேலையோ அச்சாவிக்காகக் காத்து நின்று கெடுவைத் தவறவிட்டது. தவறியதைக் கண்ட காவல் நிரல், யந்திரத்தையே திருப்பித் துவக்கிவிட்டது. கலெக்டர் ஒரு சேவகனுக்காகக் காத்து நிற்க, அச்சேவகனை நடுவழியில் ஒரு குமாஸ்தா நிறுத்தி வைத்துக்கொண்ட கதைதான் இது! பூமியிலிருந்த மாதிரி யந்திரத்தில் கோளாறை மறுபடி உண்டாக்கிக் கண்டுபிடித்துத் திருத்தம் அனுப்பினார்கள். ஆனால், இதே கோளாறு கலம் இறங்குமுன் நடந்த சோதனைகளிலேயே எப்போதோ தலைகாட்டியிருந்தது. மறுபடி வரவழைக்க முடியாததால் பிடிபடாமற் போயிற்று என்பதே நாம் கவனிக்க வேண்டிய விஷயம்.

ஆயிரம் தடவை ஓட்டிப் பார்த்தோம், ஒரு தடவையேனும் தவறவில்லை என்பது சாட்சியமாகலாம், ருசுவாகாது.

அப்படியானால் ருசு எது? ஒரு நிரல் நிற்குமா நிற்காதா என்பதைக்கூட எல்லா நிரல்களுக்கும் பொதுவாகச் சொல்லவல்ல முறை கிடையாது என்ற முடிவு, ஆங்கிலேயக் கணித மேதை ஆலன் டூரிங் 1936-ல் வெளியிட்ட ஆராய்ச்சியிலிருந்து கிடைத்ததாயிற்றே என்று சிலர் கேட்கக்கூடும். மெய்தான். ஆனால், “எந்த நிரலுக்கும்” என்பது வேறு, “இந்த நிரலுக்கு” என்பது வேறு. விமானத்துக்கு நிரல் எழுதுவோர், எந்தச் சுழற்சி எத்தனை தடவைக்கு மேல் நடவாது என்று வரம்பு கட்டியே எழுதுகிறார்கள். மேலும், நேரத்தைத் துல்லியமாகச் சொல்ல வேண்டியதில்லை. இதற்கு மேல் ஒருபோதும் போகாது என்ற உச்சவரம்பு கிடைத்தால் போதும்.

பிரான்ஸைச் சேர்ந்த பாட்ரிக் கூஸோ, ராதியா கூஸோ தம்பதிகள் 1977-ல் இதற்கு அஸ்திவாரமிட்டனர். ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியே சோதிக்காமல், எண்களின் எல்லைகளை மட்டும் வைத்துக்கொண்டு நிரல் முழுவதையும் ஆராயலாம் என்று காட்டினர். அவ்வழியைப் பின்பற்றி ஜெர்மனியின் ஸார்புரூக்கன் நகரில் ரைன்ஹார்ட் வில்ஹெல்ம் குழுவினர் உழைத்தனர். அதன் பயனாக 1998-ல் ஸ்தாபிக்கப்பட்ட அப்ஸிண்ட் கம்பெனியின் கருவி, ஏர்பஸ் ஏ380 விமானத்தின் கட்டுப்பாட்டு மென்பொருளுக்குக் காலவரம்பு கணிக்கப் பயன்பட்டது.

வேலை லேசானதன்று. கையருகேயுள்ள சிறு நினைவகத்தில் வேண்டிய தகவல் இருந்தால் சிப் ஒரு சில துடிப்புகளில் எடுத்துக்கொள்ளும். தூரத்துப் பெரிய நினைவகத்துக்குப் போக நேர்ந்தால் நூறு துடிப்புக்கு மேலும் ஆகலாம். எங்கும் தாமதத்தையே அனுமானித்துக்கொண்டால் பாதுகாப்பாயிற்று என்று நினைப்போம். அதுவுமில்லை! சில சிப்புகளில் ஓரிடத்துத் தாமதமே மொத்த நேரத்தைக் குறைத்துவிடுவதும், ஓரிடத்து வேகமே மொத்தத்தை நீட்டுவதும் உண்டு என்று ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் 1999-ல் எடுத்துக்காட்டினர்.

மின்சாரக் கணக்கு இதனினும் சிக்கலானது. 1994-ல் விவேக் திவாரி, ஷரத் மாலிக், ஆண்ட்ரூ உல்ஃப் ஆகியோர், ஒரே கட்டளையை ஓயாமல் ஓடவிட்டுச் சிப் இழுக்கும் மின்னோட்டத்தை அளந்து, கட்டளைக்கு இன்ன விலை என்று பட்டியல் போடலாமெனக் காட்டினர். ஆனால், முந்திய கட்டளை எது என்பதைப் பொறுத்தும், கையாளும் எண்களைப் பொறுத்தும் அவ்விலை மாறுகிறது. பிரிஸ்டல், ரோஸ்கில்டே, மாட்ரிட் ஆராய்ச்சியாளர்கள் எக்ஸ்மாஸ் என்ற சிப் கம்பெனியுடன் கூடி 2012 முதல் 2015 வரை நடத்திய என்ட்ரா திட்டம், நிரல் எழுதுபவன் எழுதும்போதே அதன் செலவைக் காணச் செய்ய முயன்றது. மார்பினுள் பதித்த இதயக் கருவியின் பாட்டரி தீர்ந்தால் மறுபடி ஆபரேஷன்தான் என்பதை நினைத்தால் இதன் அவசியம் விளங்கும். உலகத் தகவல் மையங்கள் 2024-ல் உட்கொண்ட மின்சாரம் சுமார் 41,500 கோடி யூனிட் என்று சர்வதேச எரிசக்தி ஏஜென்சி மதிப்பிடுகிறது.

இப்போது புதுச் சங்கடம் ஒன்று முளைத்திருக்கிறது. ஒரே சிப்பில் பல மூளைகள் குடியிருந்து நினைவகத்தைப் பங்கிட்டுக்கொள்வதால், ஒன்றின் வேலை மற்றொன்றைத் தாமதப்படுத்துகிறது. ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அதிகாரிகள் இதற்கென 2022-ல் வழிகாட்டுக் குறிப்பே வெளியிட நேர்ந்தது. சிப் கம்பெனிகளோ சந்தையில் விலைபோகும் சராசரி வேகத்தையே நாடுகின்றன. வரம்பு கணிக்கத் தேவையான உள்ளமைப்பு விவரங்களைப் பல சமயங்களில் வெளியிடுவதுமில்லை. விளையாட்டுக் கருவிகளுக்கு அது பொருந்தலாம். பிரயாணிகளையும் நோயாளிகளையும் நம்பவைக்கும் யந்திரங்களின் விஷயத்தில், வியாபார ரகசியம் என்ற வாதத்தை அதிகாரிகள் ஏற்கலாகாது. விவரத்தைத் தராத சிப்புக்கு அனுமதி மறுப்பதே முறை என்பது நமது அபிப்பிராயம்.