வீட்டில் தம்பியின் விருந்து: அக்காவின் கவலை நியாயம்தானா?

சென்ற வாரம் தொலைக்காட்சிக் கலந்துரையாடலில், "பிள்ளைகளின் விருந்துக்கு வீட்டில் இடம் கொடுக்கலாமா?" என்ற தலைப்பில் பேசினோம். பெற்றோர் இருவர், ஆசிரியர் ஒருவர், பிறகு நான். அரை மணி நேர நிகழ்ச்சியில் விளம்பரம் போக எவ்வளவு மிஞ்சும் என்பது நேயர்களுக்குத் தெரியும். நான் சொல்ல நினைத்ததில் பாதியைக்கூடச் சொல்லவில்லை. அதை எழுதித் தரச் சொன்னார்கள், எழுதுகிறேன்.

மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த நால்வரில் நான் மட்டும் பெற்றோரும் இல்லை, ஆசிரியரும் இல்லை. ஓர் அக்கா. என் தம்பிக்கு 16 வயது. எனக்கும் அவனுக்கும் 11 வயது வித்தியாசம். பெற்றோருக்கு அதிகாரம் இருக்கிறது, நண்பர்களுக்கு நெருக்கம் இருக்கிறது. அக்கா அண்ணன்மாருக்கு இரண்டிலும் பாதிப் பாதி. கவலை மட்டும்தான் முழுதாக இருக்கிறது.

நடந்தது இதுதான். சாதாரண நிலைத் தேர்வு முடிந்த கையோடு, உறவினர் திருமணத்துக்காக அப்பாவும் அம்மாவும் பத்து நாள் தமிழ்நாட்டுக்குக் கிளம்பினார்கள். அவர்கள் விமானம் ஏறிய மறுநாள் தம்பி என் அறை வாசலில் வந்து நின்றான். "அக்கா, சனிக்கிழமை கொஞ்சம் பேர் வீட்டுக்கு வருவாங்க. அம்மாகிட்ட சொல்லாதே, ப்ளீஸ்கா." கொஞ்சம் பேர் என்றால் எத்தனை பேர்? "பத்து, பதினைஞ்சு... தெரியல." அந்தத் 'தெரியல' என்ற சொல்லில்தான் என் தூக்கம் போனது.

நேயர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "நீங்களும் அந்த வயதில் ஆடியவர்தானே, இதற்கு ஏன் இவ்வளவு பயம்?" என்று சிரித்தார். நானும் ஆடியதால்தான் பயம். எனக்கு 17 வயதாக இருந்தபோது, கடற்கரைப் பக்கம் ஒரு விடுமுறை விடுதியில் தோழியின் பிறந்தநாள். வீட்டில் கேட்டால் விடமாட்டார்கள் என்று, இன்னொரு தோழி வீட்டில் படிக்கப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனேன். அங்கிருந்த பெண்களில் பாதிப் பேர் அதே பொய்யைச் சொல்லிவிட்டு வந்தவர்கள். யாரோ கொண்டுவந்த வோட்காவை ஆரஞ்சுச் சாற்றில் கலந்து குடித்ததில் ஒருத்தி மயங்கி விழுந்தாள். நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்து, போர்த்திவிட்டு, "தூங்கினால் சரியாகிவிடும்" என்று கதவைச் சாத்தினோம். ஆம்புலன்ஸை அழைக்கலாம் என்று ஒருத்தி சொன்னாள். அழைத்தால் அம்மா அப்பாவுக்குத் தெரிந்துவிடும் என்று ஐந்து பேர் தடுத்தோம். அந்த ஐவரில் நானும் ஒருத்தி. பக்கத்து விடுதிக்கு வந்திருந்த ஒரு மலாய் மாது தற்செயலாக எட்டிப் பார்த்து, அவளைப் பக்கவாட்டில் புரட்டிப் போட்டார். புரட்டிய மறுகணம் வாந்தி எடுத்தாள். மல்லாந்தே கிடந்திருந்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கும். அன்று அவள் பிழைத்ததில் எங்கள் புத்திசாலித்தனத்துக்குப் பங்கு இல்லை.

இந்தக் கதையை நிகழ்ச்சியில் சொல்லவில்லை. அப்பா பார்த்துக்கொண்டிருப்பார் என்பது ஒரு காரணம். இப்போது படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

இதில் இளையர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய உண்மைகள் சில உண்டு. கடைசி மடக்கோடு போதை நின்றுவிடுவதில்லை. வயிற்றில் இருக்கும் மது இரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கும். ஆகவே படுத்த பிறகும் நிலைமை மோசமாகலாம். கறுப்புக் காப்பியோ குளிர்ந்த நீரில் குளிப்பதோ போதையைக் குறைக்காது. மதுவை ஈரல் தன் வேகத்தில்தான் கழிக்கும். எழுப்பினால் எழவில்லை, மூச்சு மெதுவாகவோ விட்டு விட்டோ வருகிறது, உடம்பு சில்லிட்டு உதடு நீலம் பாய்கிறது என்றால் யோசிக்க ஒன்றுமில்லை. பக்கவாட்டில் படுக்கவைத்து, 995 எண்ணை அழைத்து, ஆள் வரும்வரை பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஆம்புலன்ஸில் வருபவர்கள் உயிரைப் பார்க்கத்தான் வருகிறார்கள். நம் பிள்ளைகளின் கைத்தொலைபேசியில் நூறு செயலிகள் இருக்கின்றன. இது ஒன்று மனத்தில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

சட்டம் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா என்று கலந்துரையாடலில் ஒரு தந்தை கேட்டார். இருக்கிறது. 18 வயது ஆகாதவருக்கு மது விற்கக்கூடாது. 2015 ஏப்ரல் முதல் இரவு 10.30 மணியிலிருந்து காலை 7 மணிவரை கடைகளில் மதுவை வாங்கி எடுத்துச் செல்லவும் முடியாது, பொது இடங்களில் குடிக்கவும் கூடாது. ஆனால் இதன் நடைமுறை விளைவைக் கவனியுங்கள். இரவு 11 மணிக்குத் தீர்ந்துபோனால் ஓடிப்போய் வாங்க முடியாது என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். ஆகவே வேண்டியது எல்லாம் முன்கூட்டியே, வயது வந்த யாரோ ஓர் அண்ணன் வழியாக, பைக்குள் வந்துவிடுகிறது. அப்பாவின் அலமாரியில் சாங்கி விமான நிலையத்தில் வரியில்லாமல் வாங்கிய இரண்டு புட்டிகள் இருந்தால் அந்தச் சிரமமும் இல்லை. விருந்து இரவில் நடந்தாலும், கண் வைக்க வேண்டியது பிற்பகலில்தான்.

மதுவைவிட எனக்கு இன்று பெரிய கவலை மின்சிகரெட். நான் படித்த காலத்தில் சிகரெட் என்றால் வாசனையே காட்டிக்கொடுத்துவிடும். இது பழ வாசனை, விரல் நீளம், பென்சில் பெட்டியில் அடங்கும். சிகரெட் வாங்குவதற்கான வயது 2021 முதல் 21. மின்சிகரெட்டுக்கோ வயதுக் கணக்கே கிடையாது. 2018 பிப்ரவரி முதல் வாங்குவது, பிடிப்பது மட்டுமல்ல, வைத்திருப்பதே குற்றம். அதிலும் 'கேபோட்' என்று பிள்ளைகள் சொல்லும் குப்பிகளில் எட்டோமிடேட் கலந்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. எட்டோமிடேட் என்பது அறுவை சிகிச்சைக்கு முன் மருத்துவமனையில், மருத்துவர் கண்காணிப்பில், ஊசி மூலம் ஏற்றும் மயக்க மருந்து. அதை வரவேற்பறையில் உட்கார்ந்து புகையாக இழுப்பது எப்படிப்பட்ட காரியம் என்று யோசியுங்கள். 2025 செப்டம்பர் 1ஆம் தேதி முதல் அரசாங்கம் அதை 'சி' வகைப் போதைப்பொருள் என்று அறிவித்துக் கடுமையான நடவடிக்கையில் இறங்கியது அதனால்தான்.

வீட்டுக்காரர்கள் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. நம் போதைப்பொருள் சட்டத்தின்படி, ஒரு வீட்டில் போதைப்பொருள் கிடைத்தால், அந்த வீட்டின் சாவியை வைத்திருப்பவர் அதையும் வைத்திருந்ததாகவே அனுமானிக்கப்படும். இல்லை என்று நிரூபிப்பது அவர் பொறுப்பு. வந்தவன் எவனோ, மெத்தைக்கடியில் செருகிவிட்டுப் போனவன் எவனோ. பதில் சொல்ல வேண்டியவர் சாவிக்காரர். அந்தச் சனிக்கிழமை எங்கள் வீட்டில் சாவிக்காரர் நான்.

அந்த 'எவனோ' எப்படி வருகிறான்? முன்பெல்லாம் விருந்துச் செய்தி வாய்வழியாகப் பரவும். பரவ நேரம் பிடிக்கும். இப்போது டெலிகிராம் குழுவில் ஒருவன் முகவரியைப் போட்டால் போதும். நம் ஊரில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு ஒரே ஒரு புளோக்கைக் காட்டிக்கொடுத்துவிடும். அதோடு வீட்டு எண்ணும் சேர்ந்தால், முன்பின் தெரியாதவன்கூட நேராக நம் கதவின் முன் வந்து நிற்கலாம். நெதர்லாந்தில் ஹாரன் என்ற சிற்றூரில் 2012 செப்டம்பரில் ஒரு பெண் தன் 16ஆவது பிறந்தநாளுக்கு ஃபேஸ்புக்கில் அழைப்பு வைத்தாள். நண்பர்களுக்கு மட்டும் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்க மறந்துபோனாள். ஆயிரக்கணக்கானோர் அந்த ஊருக்குள் புகுந்து, கடைகளை உடைத்து, வாகனத்துக்குத் தீவைத்து, கலகத்தடுப்புக் காவலர்கள் வரும்படி ஆயிற்று. அந்தப் பெண் கெட்டவளும் இல்லை, முட்டாளும் இல்லை. ஒரு பொத்தானை அழுத்த மறந்தவள், அவ்வளவுதான். சிங்கப்பூரில் அந்த அளவுக்கு நடக்காது என்பது உண்மை. ஆனால் நான்கு அறை வீட்டுக்குள் நாற்பது பேர் வர ஆயிரம் பேர் தேவையில்லை.

"என் மகன் நல்லவன், அவன் தப்புச் செய்யமாட்டான்" என்று நிகழ்ச்சியில் ஒரு தாய் உறுதியாகச் சொன்னார். என் தம்பியும் நல்லவன்தான். தனியாக இருக்கும்போது மிக நல்லவன். 2005இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கார்ட்னர், ஸ்டைன்பர்க் இருவரும் ஒரு சோதனை நடத்தினார்கள். கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு. சிலரைத் தனியாகவும் சிலரை நண்பர்களோடும் விளையாடவிட்டார்கள். நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது துணிந்து ஆபத்தில் இறங்குவது கூடியது. பெரியவர்களைவிடப் பதின்ம வயதினரிடம் அந்த வேறுபாடு மிகுதியாக இருந்தது. மகன் நல்லவனா என்ற கேள்வியோடு, பதினான்கு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவன் எப்படி என்ற கேள்வியையும் அந்தத் தாய் கேட்டிருக்கலாம்.

சரி, நான் என்ன செய்தேன்? முதல் இரவு ஒன்றும் செய்யவில்லை. உடனே அம்மாவை அழைத்துச் சொல்லியிருக்கலாம். சொன்னால் விருந்து நின்றிருக்கும். தம்பி என்னிடம் வந்து நிற்பதும் அதோடு நின்றிருக்கும். சொல்லாமல் மறைத்தால் நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டவள் ஆகிறேன். எந்தப் பக்கம் போனாலும் நஷ்டம். மறுநாள் காலை அவனிடம், "நான் சொல்லமாட்டேன்டா. நீதான் சொல்லணும். வியாழக்கிழமை வரைக்கும் டைம். அதுக்குள்ள நீ சொல்லலைன்னா நான் சொல்வேன்" என்றேன். காட்டிக்கொடுக்கிறாய் என்று கோபப்பட்டான், கதவை அறைந்து சாத்தினான், அன்று இரவு சாப்பிடவில்லை. புதன்கிழமை, விடுதியில் நடந்த கதையை அவனிடம் சொன்னேன். யாரிடமும் சொல்லாத கதை. அவன் கேட்டது ஒரே கேள்வி: "நீயும் போன் பண்ண வேணாம்னு சொன்னியா?" ஆமாம் என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, வாட்ஸ்அப்பில் அப்பாவை அழைத்தான்.

அப்பா முதலில் முடியாது என்றார். திருமண வீட்டு மேளச் சத்தத்துக்கு மேல் கத்திச் சொன்னார். அரை மணி கழித்து அவரே திரும்ப அழைத்து நிபந்தனைகளோடு சம்மதித்தார். நான் ஒன்று சொல்லியாக வேண்டும். அதே வயதில் நான் கேட்டிருந்தால் அந்தச் சம்மதம் கிடைத்திருக்காது. பெண்பிள்ளை என்று ஒரே சொல்லில் முடித்திருப்பார். அந்தக் கணக்கை அவரோடு தனியாகத் தீர்த்துக்கொள்கிறேன். பெரியவர் யாருமே இல்லாத வீடு என்றால் முடியாது என்பதுதான் சரியான பதில் என்று நிகழ்ச்சியில் ஆசிரியர் சொன்னார், நானும் ஒப்புக்கொள்கிறேன். நான் அன்று வீட்டில் இல்லை என்றால் நானே தடுத்திருப்பேன்.

வருபவர்கள் பெயரைத் தம்பியே தாளில் எழுதினான். பதினைந்து பேர். பெயர் எழுதியபோதுதான் அவர்களில் மூவரை அவனுக்கே சரியாகத் தெரியாது என்று தெரிந்தது, பன்னிரண்டானது. முகவரியைக் குழுவில் போடாமல், தனித்தனியாக அனுப்பினான். புட்டிகளையும் அம்மாவின் மாத்திரைகளையும் என் அறையில் வைத்துப் பூட்டினேன். பக்கத்து வீட்டு மக்சிக்கிடம் அவனையே அனுப்பி, சத்தம் இருக்கும், 10.30க்கு முடிந்துவிடும், மன்னிக்க வேண்டும் என்று சொல்லச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே ஒரு தட்டு குவே கொடுத்தனுப்பினார்.

அன்று மாலை நான் என் அறையில் இருந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். அவ்வளவு தண்ணீர் நான் வாழ்க்கையில் குடித்ததில்லை. எட்டு மணிக்கு ஒரு பையன் முதுகுப்பையோடு வந்தான். தம்பி அவனை வாசலிலேயே நிறுத்தி ஏதோ பேசினான். பையன் பையைச் செருப்பு அலமாரியின் மேல், வெளியே வைத்துவிட்டு உள்ளே வந்தான். உள்ளே என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமா என்று இன்றுவரை தெரியவில்லை.

10.30க்குப் பாட்டு நின்றது. கடைசி ரயிலுக்கு நேரம் இருக்கும்போதே எல்லாரும் கிளம்பினார்கள். இரண்டு பையன்கள் மட்டும் நின்று மீகோரெங் தட்டுகளைக் கழுவி வைத்தார்கள். யாருடையதோ ஒரு ஜோடிக் காலணி எங்கள் வாசலில் மிஞ்சியது. அதை விட்டுவிட்டு அந்தப் பிள்ளை எப்படி வீடு போய்ச் சேர்ந்தது என்று இதுவரை யாரும் சொல்லவில்லை.