எட்டு ஜிபி ரேமும் ஒரு போன் காலும்

என் வேலை சர்வர்களைப் பார்த்துக்கொள்வது. ராத்திரி எந்நேரத்திலும் ஏதாவது ஒன்று படுத்துவிடும், எழுப்பியாக வேண்டும். அதற்காக இப்போதெல்லாம் நான் லேப்டாப்பைத் தேடுவதில்லை. போனில் டெர்மினலைத் திறந்து, ஆபீஸ் கம்ப்யூட்டரில் அடிக்கிற அதே கட்டளைகளை அடிக்கிறேன். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய போனாக வாங்கியது அது. 2018-இல் உயர்ரகமாக விற்ற ஸ்னாப்டிராகன் 845 சிப், 8 ஜிபி ரேம். ஆண்ட்ராய்டு அப்டேட் நின்று பல வருஷம் ஆகிறது. அதில் போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் என்ற லினக்ஸை ஏற்றி வைத்திருக்கிறேன்.

ஆண்ட்ராய்டுக்கு அடியில் இருப்பதும் லினக்ஸ்தானே என்று கேட்பீர்கள். உண்மைதான், கெர்னல் அதுதான். ஆனால் அதன்மேல் கூகுளும் போன் கம்பெனியும் கட்டிய மாடிகளில் நாம் வாடகைக்கு இருக்கிறோம், அவ்வளவே. போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ், உபுண்டு டச், மோபியன் போன்றவற்றில் போன் முழுக்க நம்முடையது. எந்த புரோகிராம் பின்னால் ஓடுகிறது என்று பார்க்கலாம், பிடிக்காததை நீக்கலாம். பைத்தான் எழுதலாம், லிப்ரே ஆபீஸ் திறக்கலாம். விளம்பரத்துக்காக நம்மை வேவு பார்க்கும் எதுவும் உள்ளே வந்து உட்கார்ந்திருக்காது. இந்த நிம்மதியை அனுபவித்தவனுக்கு மற்ற போன்களைத் தொட மனம் வராது.

இந்த ஆசை பழசு. 2009-இல் லினக்ஸில் ஓடும் நோக்கியா என்900 வந்தபோது 600 மெகாஹெர்ட்ஸ் சிப், 256 எம்பி ரேம், 32 ஜிபி இடம், பக்கவாட்டில் இழுத்தால் கீபோர்டு. அன்றைக்கு அது உயர்ரகம். 2013-இல் கனானிக்கல் நிறுவனம் உபுண்டு எட்ஜ் என்ற போனுக்காக மக்களிடம் 3.2 கோடி டாலர் கேட்டது. 4 ஜிபி ரேம், 128 ஜிபி இடம், மானிட்டரில் செருகினால் முழுக் கம்ப்யூட்டர் என்றார்கள். சுமார் 1.28 கோடி டாலர்தான் சேர்ந்தது. போன் வரவே இல்லை.

அதன்பின் வந்தவற்றைப் பாருங்கள். பியூரிசம் நிறுவனம் 2017-இல் 599 டாலருக்கு அறிவித்த லிப்ரம் 5, 2019 தொடக்கத்தில் கைக்கு வந்திருக்க வேண்டியது. பெரிய அளவில் அனுப்பத் தொடங்கியது 2020 நவம்பரில்தான். விலையும் பின்னால் ஆயிரம் டாலரைத் தாண்டியது. ரேம் 3 ஜிபி. பைன்64 நிறுவனம் 2021-இல் 399 டாலருக்கு அறிவித்த பைன்போன் புரோவில் இருந்தது ஆர்கே3399 சிப்பின் ஒரு வகை. மூலச் சிப் 2016-ஐச் சேர்ந்தது. ஆண்ட்ராய்டு உலகில் இந்த விலைக்கு இதைவிட எவ்வளவோ வேகமான போன் கிடைக்கும். பிறகு ஏன் இந்தப் பழைய சிப்?

எல்லாம் டிரைவர் விவகாரம். திரை, தொடுதல், கேமரா, மோடம், ஜிபிஎஸ், அதிர்வு என்று போனில் உள்ள ஒவ்வொன்றையும் இயக்க ஒரு டிரைவர் வேண்டும். சிப் கம்பெனி இவற்றை ஏதோ ஒரு குறிப்பிட்ட கெர்னல் பதிப்புக்கு எழுதி போன் கம்பெனியிடம் தருகிறது. போன் விற்றதும் அதோடு சரி. எல்லோரும் சேர்ந்து வளர்க்கும் பொதுக் கெர்னலில் அந்த டிரைவர் பெரும்பாலும் போய்ச் சேர்வதில்லை. அப்புறம் தன்னார்வலர்கள் உட்கார்ந்து, ஆவணம்கூட இல்லாமல், வன்பொருளை நோண்டி நோண்டி எழுதுகிறார்கள். எழுதி முடிப்பதற்குள் சிப் கிழடாகிவிடுகிறது. ஆகவே கடையில் நேற்று வந்த போனில்தான் லினக்ஸ் மிக மோசமாக ஓடும். ஸ்னாப்டிராகன் 845 விதிவிலக்குபோல அமைந்தது. ஒன்பிளஸ் 6, போகோ எஃப்1 இரண்டும் பொதுக் கெர்னலிலேயே ஓடுகின்றன, கிராஃபிக்ஸுக்குத் திறந்த டிரைவரும் இருக்கிறது. என் போனில் பக்கங்கள் வழுக்கிக்கொண்டு ஓடுவது அதனால்தான்.

இன்னொரு வழியும் உண்டு. கம்பெனியின் ஆண்ட்ராய்டு டிரைவர்களை அப்படியே அடியில் வைத்துக்கொண்டு, ஹாலியம் என்ற இணைப்பின் மேல் லினக்ஸை ஓட்டுவது. உபுண்டு டச் பெரும்பாலான போன்களில் இப்படித்தான் வருகிறது. கேமராவும் அழைப்பும் நன்றாக இருக்கும், ஆனால் கெர்னல் கம்பெனி விட்ட இடத்திலேயே நின்றுவிடும். நான் முதல் வழியின் பக்கம். சிரமம்தான், என்றாலும் பத்து வருஷம் கழித்தும் அப்டேட் வரும் என்கிற நம்பிக்கை அதில்தான் இருக்கிறது.

சிரமங்களை மறைக்க மாட்டேன். போன் தூங்கும்போது அழைப்பு வந்தால் மோடம் முதலில் பிரதான சிப்பை எழுப்ப வேண்டும், சிப் எழுந்து திரையை ஏற்ற வேண்டும், பிறகுதான் மணி. அதற்குள் என் அக்கா வைத்துவிடுவாள். தூங்கவிட்டால் மெசேஜ் வராது, விழித்திருக்கவிட்டால் பேட்டரி சாயங்காலம்வரை தாங்காது. எட்டு ஜிபி ரேம் இதில் ஒரு உதவியும் செய்யாது. 4ஜி மட்டும் உள்ள நெட்வொர்க்கில் பேசுவதற்கு வோல்ட்இ (VoLTE) வசதி கட்டாயம் வேண்டும். அது பல லினக்ஸ் போன்களில் கிடைப்பதில்லை, டேட்டா மட்டும் ஓடும். கேமராவோ சென்சார் எத்தனை மெகாபிக்சல் என்பதைப் பொறுத்ததல்ல. ஆண்ட்ராய்டு போனில் படம் அழகாக வருவதற்குக் காரணம் கம்பெனி மூடிவைத்திருக்கும் படச் செயலாக்கம். அது இல்லாதபோது முகங்கள் பச்சை பூத்துத் தெரியும்.

டீக்கடைப் பையன் ஒரு நாள் என் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல ஜிபே வருமாண்ணே?" என்று கேட்டான். வராது என்றேன். யூபிஐ ஆப்கள் பெரும்பாலும் ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்குத்தான். வேய்டிராய்டு என்ற மென்பொருள் மூலம் ஆண்ட்ராய்டு ஆப்களை லினக்ஸுக்குள்ளேயே திறக்கலாம், ஆனால் சிம்மையும் போனின் நம்பகத்தையும் சோதிக்கிற பணப் பரிமாற்ற ஆப்கள் பெரும்பாலும் அங்கே நகராது. அதனால் பையில் ஒரு சாதாரண ஆண்ட்ராய்டு போனும் இருக்கிறது. பலருக்கு இந்த ஒன்றே போதும், வேண்டாம் என்று சொல்ல. அவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஆனாலும் லிப்ரம் 5-இன் பக்கத்தில் உள்ள மூன்று சுவிட்சுகள் என்னை இன்றும் கவர்கின்றன. கேமரா-மைக், வைஃபை-ப்ளூடூத், மொபைல் நெட்வொர்க் என மூன்று. அணைத்தால் மின்சாரமே துண்டிக்கப்படும், எந்த ஆப்பும் ஏமாற்ற முடியாது. இதை எந்தப் பெரிய கம்பெனியின் லட்ச ரூபாய்ப் போனிலும் நான் பார்த்ததில்லை. உயர்ரகம் என்று நான் மதிப்பது இதைத்தான்.

ஆசை வந்துவிட்டவர்கள் புதுப் போன் வாங்க ஓட வேண்டாம். போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் பட்டியலில் ஒவ்வொரு மாடலுக்கும் அழைப்பு, கேமரா, ஆடியோ எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். மேசை டிராயரில் கிடக்கிற பழைய போனின் மாடல் எண்ணை அதில் தேடிப் பாருங்கள். பூட்லோடரைத் திறக்க கம்பெனி அனுமதிக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், போட்டோக்களை முன்கூட்டியே எடுத்து வைத்துவிடுங்கள்.