விரால் பிடிக்க முதல் ‘பெய்ட்காஸ்டிங்’ ரீல்: வாங்கும் முன் என்னென்ன கவனிக்கணும்?

வடகிழக்குப் பருவமழை முடிந்து குளங்களும் கண்மாய்களும் நிறைந்துவிட்டால், திண்டுக்கல் வட்டாரத்தில் கரையோரம் தூண்டிலோடு உட்காருபவர்களைப் பார்க்கலாம். மூங்கில் கழி, தங்கூஸ், தக்கை, மண்புழு. இதுதான் காலங்காலமாக இருந்துவந்த செட். இப்போது அந்தக் கூட்டத்தில் ரீல் பொருத்திய ராடுகளும் சேர்ந்துவிட்டன. அதிலும் ரப்பர் தவளையை வீசி விரால் பிடிக்க ஆசைப்படும் இளைஞர்கள் அடுத்ததாகத் தேடுவது ‘பெய்ட்காஸ்டிங்’ ரீலைத்தான்.

யூடியூப் வீடியோவைப் பார்த்து, ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து ஆன்லைனில் வாங்கி, முதல் வீச்சிலேயே நூல் மொத்தமும் சிக்கி, ஒரே வாரத்தில் பரணில் தூக்கிப் போடும் கதை இதில் சகஜம். பெரும்பாலும் கோளாறு ரீலில் இருப்பதில்லை. தேர்விலும், செட்டிங்கிலும்தான் இருக்கிறது. முதல்முறை வாங்குபவர்கள் எதைப் பார்க்க வேண்டும், எதைக் கண்டுகொள்ள வேண்டியதில்லை?

பெய்ட்காஸ்டிங் ரீல் என்றால் என்ன?

மீன்பிடி ரீல்களில் அதிகம் புழங்குபவை இரண்டு வகை. ஒன்று ‘ஸ்பின்னிங்’ ரீல். இது ராடுக்குக் கீழே தொங்கும். வீசும்போது நூல் சுற்றியிருக்கும் ஸ்பூல் அசையாது. நூல் மட்டும் சுருள் சுருளாகக் கழன்று போகும்.

இன்னொன்று பெய்ட்காஸ்டிங் ரீல். இது ராடுக்கு மேலே உட்காரும். வீசும்போது ஸ்பூலே சுழன்று நூலை விடும். பட்டம் விடுபவர்களுக்கு இது எளிதில் புரியும். லொட்டாய் சுழன்று நூல் போவது போலத்தான் இதுவும். ஸ்பூல் மீது கட்டைவிரலை வைத்து, நூல் எவ்வளவு வேகமாகப் போக வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கையாலேயே முடிவு செய்யலாம்.

இந்த வகை ரீலின் தொடக்கம் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், அமெரிக்காவின் கென்டக்கி மாகாணத்தில். ஜார்ஜ் ஸ்னைடர் என்ற கடிகாரக் கைவினைஞர் செய்த பல்சக்கர ரீல்தான் இதற்கு முன்னோடி. பின்னாளில் இந்த ரீல்களால் பெயர் வாங்கிய ஸ்வீடனின் ‘அபு’ நிறுவனமும் 1921ல் கடிகாரத் தொழிலில்தான் தொடங்கியது. உள்ளே இருப்பது அந்தளவுக்கு நுணுக்கமான சக்கர வேலை.

நூல் ஏன் சிக்குகிறது?

வீசிய இரை கிளம்பும்போது வேகமாகப் போகும். காற்றின் எதிர்ப்பால் போகப் போக வேகம் குறையும். தண்ணீரில் விழுந்ததும் சட்டென்று நின்றுவிடும். ஆனால், சுழல ஆரம்பித்த ஸ்பூலுக்கு அது தெரியாதே! அது பழைய வேகத்திலேயே சுற்றி நூலை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். இரை இழுக்கும் நூலைவிட ஸ்பூல் தள்ளும் நூல் அதிகமாகிவிட்டால், மிச்ச நூல் ரீலுக்குள்ளேயே பந்தாகச் சுருண்டுவிடும். இதைத்தான் ‘பேக்லாஷ்’ என்கிறார்கள். சிக்கிய நூலைப் பார்த்தால் குருவிக்கூடு மாதிரியே இருக்கும்.

எதிர்காற்றில் வீசினால் சிக்கல் அதிகம். இரை எடை குறைவாக இருந்தாலும் அதே கதைதான்.

முதலில் ஒரு கேள்வி: இது உங்களுக்குத் தேவையா?

ஜிலேபி கெண்டை, சிறிய கெண்டை, கெளுத்தி ஆகியவைதான் உங்கள் இலக்கு என்றால் பெய்ட்காஸ்டிங் ரீல் தேவையே இல்லை. மண்புழுவோ, மாவு உருண்டையோ மாட்டித் தக்கை போட்டுக் காத்திருக்கும் முறைக்குச் சாதாரண ஸ்பின்னிங் ரீல் போதும். மூங்கில் கழியே போதும் என்பவர்களும் உண்டு. 5 கிராமுக்கும் குறைவான இரையைத் தொடக்கநிலை பெய்ட்காஸ்டிங் ரீலில் வீசுவது பெரும் பாடு.

விரால் கதை வேறு. அது ஆகாயத்தாமரை, அல்லி, கோரைப்புல் மண்டிக் கிடக்கும் ஓரங்களில் பதுங்கும் மீன். அதற்கு ரப்பர் தவளையைத் துல்லியமாக ஒரு சந்தில் போட வேண்டும். கடித்த மறுகணமே மீன் செடிக்குள் புகுந்துகொள்ளும். அதைத் தடித்த நூலில், யோசிக்காமல் இழுத்து வெளியே கொண்டுவர வேண்டும். துல்லியம், தடித்த நூல், இழுக்கும் பலம் ஆகிய மூன்றும் சேர்ந்து தேவைப்படும் இந்த இடத்தில்தான் பெய்ட்காஸ்டிங் ரீலுக்கு வேலை இருக்கிறது.

வெளிநாட்டு வீடியோக்களில் சொல்லும் ரீல் நமக்குச் சரிப்படுமா?

இணையத்தில் தேடினால் ‘சால்மன், ஸ்டீல்ஹெட் மீன்களுக்கு ஏற்ற ரீல்’ என்று பல வீடியோக்கள் வரும். ஸ்டீல்ஹெட் என்பது கடலுக்குப் போய் வளர்ந்து ஆற்றுக்குத் திரும்பும் ரெயின்போ ட்ரவுட். ஆங்கிலேயர் காலத்தில் நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளில் கொண்டுவந்து விடப்பட்டதும் இதே இனம்தான். கடலுக்குப் போகாமல் நன்னீரிலேயே வாழ்வது என்பதுதான் வித்தியாசம்.

சால்மனும் ஸ்டீல்ஹெட்டும் பெரிய ஆறுகளில், ஓடும் தண்ணீரில் பிடிக்கப்படுபவை. தூண்டிலில் மாட்டியதும் ஆற்றோட்டத்தோடு வெகுதூரம் ஓடும். அதனால் அந்த ரீல்களில் நூல் நிறையப் பிடிக்க வேண்டும். மீன் ஓடும்போது நூலை ஒரே சீராக விட்டுக்கொடுக்கவும் வேண்டும். ஆகவே அவை அளவில் பெரியவை, எடையும் அதிகம்.

நம்ம ஊர் குளத்து விரால் ஓடுவதில்லை, ஒளிகிறது. பெரும்பாலான வீச்சுகள் 20, 30 மீட்டரைத் தாண்டாது. சுமார் 100 மீட்டர் நூல் பிடிக்கும் சிறிய ரீலே தாராளம். கம்பெனிகள் 100, 150, 200 என்று எண் போட்டு விற்கும் ‘லோ புரொஃபைல்’ எனப்படும் தட்டையான ரீல்கள் இந்த ரகம். 300, 400 என்று எண் போட்ட பெரிய ரீலை வாங்கிவிட்டால், நாள் முழுக்கத் தவளை வீசுபவருக்கு மணிக்கட்டு வலிதான் மிச்சம்.

கடையில் பார்க்க வேண்டிய 5 விஷயங்கள்

1. கைப்பிடி எந்தப் பக்கம்? ஸ்பின்னிங் ரீலில் கைப்பிடியைக் கழற்றி அந்தப் பக்கம், இந்தப் பக்கம் மாற்றிக்கொள்ளலாம். பெய்ட்காஸ்டிங் ரீலில் முடியாது. இடதா, வலதா என்று வாங்கும்போதே முடிவு செய்ய வேண்டும். ஆன்லைனில் அவசரமாக ஆர்டர் போடுபவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். வலது கையால் வீசுபவர் இடதுபக்கக் கைப்பிடி வாங்கினால், வீசிய பிறகு ராடைக் கை மாற்றத் தேவையில்லை. தவளை விழுந்த நொடியிலேயே விரால் அடிக்கலாம் என்பதால் இது நல்ல வசதி.

2. பிரேக்: முதல் ரீலுக்கு மிக முக்கியமான விஷயம் இதுதான். ‘மேக்னெட்டிக்’ பிரேக்கில் ரீலின் வெளியே எண்கள் போட்ட ஒரு திருகு இருக்கும். அதைத் திருப்பினால் போதும். ‘சென்ட்ரிஃபியூகல்’ பிரேக்கில் பெரும்பாலும் பக்கவாட்டு மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் சின்னச் சின்னக் கட்டைகளைத் தள்ளி மாற்ற வேண்டும். இரண்டும் நன்றாகவே வேலை செய்யும். ஆனால், கரையில் நின்றுகொண்டே அடிக்கடி மாற்றிப் பார்த்துப் பழக வேண்டியவருக்கு வெளியே திருகு இருப்பது எளிது.

3. கியர் விகிதம்: 6.3:1, 7.2:1, 8.1:1 என்று எழுதியிருப்பார்கள். 7.2:1 என்றால் கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் ஸ்பூல் 7.2 முறை சுற்றும். சாதாரண அளவு ஸ்பூலில் அது ஏறக்குறைய 75 செ.மீ. நூலை இழுக்கும். எண் குறைந்தால் வேகம் குறையும், இழுவை பலம் கூடும். எண் கூடினால் தளர்ந்த நூலைச் சட்டென்று சுற்றிவிடலாம், ஆனால் பாரம் இழுக்கும்போது கை கடுக்கும். விராலுக்கு 7ஐ ஒட்டிய விகிதம் நடுநிலையானது.

4. டிராக்: மீன் இழுக்கும்போது எவ்வளவு பலத்துக்கு மேல் நூலை விட்டுக்கொடுக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் அமைப்பு. கைப்பிடிக்குப் பக்கத்தில் நட்சத்திர வடிவில் இருக்கும். செடிக்குள் ஓடும் விராலுக்கு இதை இறுக்கியே வைப்பார்கள். அட்டையில் ‘10 கிலோ’ என்று போட்டிருப்பதை மட்டும் நம்பாமல், நூல் கட்டிக் கையால் இழுத்துப் பாருங்கள். விட்டு விட்டு வெட்டி இழுக்காமல் ஒரே சீராக வர வேண்டும்.

5. பேரிங்: பூட்டு வாங்கும்போது எத்தனை லீவர் என்று கேட்பது திண்டுக்கல்காரர்களுக்குப் பழக்கம். ரீலில் அந்தக் கணக்கு எடுபடாது. விலை குறைந்த ரீலில் ‘18+1’ என்று அச்சிட்டிருப்பார்கள். தரமான 4, 5 பேரிங்குகள் உள்ள ரீல் அதைவிட நன்றாகவும் சுற்றும், நாளும் உழைக்கும். கைப்பிடியை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். கரகரவென்று இருந்தாலோ, பக்கவாட்டில் ஆடினாலோ வேண்டாம்.

ரீலோடு சேர்த்து வாங்க வேண்டியவை

இந்த ரீலுக்குத் தனி ராடு உண்டு. பிடியின் அடியில் துப்பாக்கி விசை மாதிரி ஒரு கொக்கி இருக்கும். ‘காஸ்டிங் ராடு’ என்று கேட்டு வாங்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் ஸ்பின்னிங் ராடில் இதை மாட்டினால் சரியாக வராது. எத்தனை கிராம் இரையை வீசலாம் என்று ராடிலேயே எழுதியிருக்கும். ரப்பர் தவளைகள் பெரும்பாலும் 8 முதல் 16 கிராம் வரை இருப்பதால், அந்த எடை அடங்கும் ராடாகப் பார்ப்பது நல்லது. மொத்தப் பணத்தையும் ரீலிலேயே போட்டுவிட்டு, ராடுக்கும் நூலுக்கும் கையைப் பிசைவது தப்புக் கணக்கு.

பழகும் வரை சாதாரண தங்கூஸ் போதும். விலை குறைவு, சிக்கினாலும் எடுத்துவிடலாம். கை பழகியதும் 40, 50 பவுண்ட் ‘பிரெய்ட்’ நூலுக்கு மாறலாம். பிரெய்ட் நூலை நேரடியாக ஸ்பூலில் சுற்றினால் வழுக்கிச் சுழலும். அடியில் கொஞ்சம் தங்கூஸ் சுற்றி, அதன் மேல் சுற்றினால் பிடித்துக்கொள்ளும்.

முதல் நாள் செட்டிங் எப்படி?

குளத்துக்குப் போகும் முன் காலி மைதானத்துக்குப் போங்கள். முள் இல்லாத 10 முதல் 15 கிராம் எடை ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள். வீசும் முன் அக்கம்பக்கம் பார்ப்பது அவசியம்.

முதலில், கைப்பிடிப் பக்கம் இருக்கும் சிறிய உருண்டைத் திருகை இறுக்குங்கள். ஸ்பூலை விடுவிக்கும் பொத்தானை அழுத்திவிட்டு, எடை மெதுவாகக் கீழே இறங்கும் வரை திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். எடை தரையைத் தொட்டதும் ஸ்பூல் நின்றுவிட வேண்டும். அதுதான் சரியான இறுக்கம். இரையின் எடையை மாற்றும் ஒவ்வொரு முறையும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

அடுத்து, பிரேக்கை ஏறக்குறைய உச்சத்தில் வையுங்கள். தூரம் குறையும், பரவாயில்லை. பாதி பலத்தில் வீசி, எடை தரையில் விழுவதற்கு ஒரு கணம் முன்பு கட்டைவிரலால் ஸ்பூலை அழுத்தி நிறுத்துங்கள். விரல் பழகப் பழகப் பிரேக்கை ஒவ்வொரு எண்ணாகக் குறைக்கலாம்.

சிக்கிவிட்டால் கத்தியை எடுக்காதீர்கள். ஸ்பூலைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடி கைப்பிடியை இரண்டு, மூன்று சுற்று சுற்றுங்கள். பிறகு நூலை மெல்ல இழுத்துப் பாருங்கள். லேசான சிக்கல் பலவும் இதிலேயே விட்டுவிடும்.

எங்கே வீசலாம், எங்கே கூடாது?

ரீல் இருக்கிறது என்பதற்காகக் கண்ட இடத்தில் வீச முடியாது. பல குளங்களும் கண்மாய்களும் மீன் வளர்க்கக் குத்தகைக்கு விடப்படுபவை. அங்கே மீன் குத்தகைதாரருக்குச் சொந்தம். அவரிடம் கேட்காமல் வீசினால் வம்புதான். ஆத்தூர் காமராஜர் அணை, மருதாநதி, பாலாறு - பொருந்தலாறு போன்ற நீர்த்தேக்கங்களில் அனுமதி உண்டா என்று மீன்வளத்துறை அலுவலகத்திலும் அணை அதிகாரிகளிடமும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். வனப்பகுதிக்குள் இருக்கும் நீர்நிலைகளில் வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கவே கூடாது.

மின்கம்பிக்குக் கீழே நின்று வீச வேண்டாம். கார்பன் ராடில் மின்சாரம் பாயும். வண்டல் நிறைந்த கரையில் மாட்டிய தவளையை எடுக்கத் தண்ணீரில் இறங்குவதும் ஆபத்து. உயிரைவிடத் தவளை பெரிதல்ல.

வெட்டிய நூலைக் கரையில் போட்டுவிட்டு வரக் கூடாது. கொக்கு, நாரை ஆகியவற்றின் காலில் சுற்றினால் அவை தப்பிக்க வழியில்லை.

இன்னொன்று: தண்ணீரின் மேல்மட்டத்தில் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாகச் சுற்றுவதைப் பார்த்தால் அங்கே தவளையைப் போடாதீர்கள். அவை விரால் குஞ்சுகளாக இருக்கலாம். தாயும் தந்தையும் அடியில் காவல் நிற்கும். அந்த நேரத்தில் அவை எதைக் கண்டாலும் பாயும் என்பதால் பிடிப்பது சுலபம். ஆனால், அதைப் பிடித்துவிட்டால் காவல் இல்லாத குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும். அடுத்த வருஷம் அந்தக் குளத்தில் வீச விரால் இருக்காது.

சுருக்கமாக...

- சிறிய மீன்தான் இலக்கு என்றால் ஸ்பின்னிங் ரீல் போதும்
- விராலுக்கு என்றால் 100 முதல் 200 வரை எண் போட்ட தட்டையான ரீல்
- வெளியே திருகு உள்ள மேக்னெட்டிக் பிரேக்
- 7:1ஐ ஒட்டிய கியர் விகிதம்
- கைப்பிடிப் பக்கத்தை இரண்டு முறை சரிபார்த்து ஆர்டர்
- பேரிங் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாற வேண்டாம்
- முதல் வாரம் மைதானத்தில், அதன் பிறகே குளத்தில்